சிங்கப்பூரா, ஜெர்மனியா: வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம்?

மென்பொருள் துறையில் இரு நாடுகளிலிருந்தும் வேலைக்கு அழைப்பு வந்தபோது, நானும் மனைவியும் யோசித்து ஜெர்மனியைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கமே சாயும்.

சிங்கப்பூரின் வசதிகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம், திருச்சியிலிருந்தும் நேரடி விமானம், ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ், குறைந்த வருமான வரி. ஜெர்மனியிலோ மணமாகாத ஒருவருக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்ததுபோகச் சம்பளத்தில் சுமார் 60 விழுக்காடே கைக்கு வரும். நாலு காசு சேர்த்துக்கொண்டு சில ஆண்டுகளில் ஊர் திரும்புவதே திட்டமென்றால், சிங்கப்பூரே சரி.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது தங்கும் உரிமை. சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி, வேலை கொடுத்த நிறுவனத்தைச் சார்ந்தது; வேலை போய்ப் பாஸ் ரத்தானால், பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு நிறுவனம் கிடைத்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் புள்ளிகளால் எடைபோட 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த காம்பஸ் முறையில் 40 புள்ளிகள் தேவை. அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே நம் நாட்டவர் எவ்வளவு பேர் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். நம் படிப்பும் அனுபவமும் எவ்வளவு இருந்தாலும் அதை மாற்ற நம்மால் ஆவதொன்றுமில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் இத்தனை ஆண்டில் கிடைத்துவிடும் என்ற வரையறை எதுவும் கிடையாது. கணவரோ மனைவியோ சார்பு பாஸில் வந்தால், 2021 மே முதல் வேலை பார்க்கப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும்.

ஜெர்மனியில் திறன்மிகு பணியாளருக்கான வசிப்பு அனுமதியான ப்ளூ கார்டில் கணக்கு எழுத்தில் இருக்கிறது: 27 மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டி ஏ1 என்ற தொடக்க அளவு ஜெர்மன் தெரிந்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறும் நிலையில், நிரந்தர அனுமதி, பி1 என்ற இடைநிலை தேறினால் 21 மாதமே போதும். இடையில் வேலை போனால் புதிய வேலை தேட மூன்று மாதமும், கார்டு பெற்று ஈராண்டு கடந்தவருக்கு ஆறு மாதமும் ஐரோப்பிய ஒன்றிய விதி தருகிறது. வேலையின்மைக் காப்பீட்டுக்குக் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியவருக்கு நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடும், குழந்தை இருந்தால் 67 விழுக்காடும் உதவித்தொகையாகக் கிடைக்கும். வாழ்க்கைத் துணை மொழித் தேர்வில்லாமலே வந்து, எந்த வேலையிலும் சேரலாம். மாதாமாதம் பிடிக்கப்படும் பணத்தைப் பார்த்து வயிறு எரியும்போது, இதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

இந்த உரிமைக்கான உழைப்பு புறப்படும் முன்பே தொடங்குகிறது. பி1 வரை செல்ல மாலை வகுப்புகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும்; படித்த பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் அனாபின் தரவுத்தளத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். வீட்டு விஷயத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது: நாங்கள் பார்த்த வீடொன்றில் சமையலறை என்று காட்டிய இடத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய்களும் அடுப்புக்கான மின்கம்பியும் மட்டுமே இருந்தன. தொட்டியிலிருந்து அலமாரி வரை குடியேறுபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். முன்பணம் தனியாக, மூன்று மாத வாடகை வரை.

பள்ளிக்கூடங்களைப் பற்றி எங்கள் மகள் இன்னும் மழலையர் பள்ளியில் இருப்பதால் அனுபவத்தில் பேச இயலாது. ஊரில் வயதான பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்த்தாக வேண்டிய நிலையில் இருப்பவருக்கோ, நான் இவ்வளவு நேரம் போட்ட கணக்கு சிங்கப்பூருக்குச் சாதகமாக மாறிவிடும்.