போரா, மழைத்தொட்டியா? கரண்ட் கம்பம் வராத கொல்லையில் தண்ணீர்க் கணக்கு

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம், மின்கம்பம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மானாவாரிக் கொல்லையில் நானும் மனைவியும் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். இதே மாதிரி நிலம் தேடுகிறவர்கள் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது சோலாரைப் பற்றித்தான். எத்தனை பேனல், என்ன பேட்டரி, ஃபிரிட்ஜ் ஓடுமா, மிக்ஸி ஓடுமா. அதெல்லாம் கையில் காசு இருந்தால் தருமபுரி டவுனில் ஒரே நாளில் வாங்கி மாட்டிவிடலாம். காசைக் கொட்டினாலும் கிடைக்கும் என்று உறுதி இல்லாதது தண்ணீர். அதனால் இது முழுக்கத் தண்ணீரைப் பற்றி மட்டும்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்குவது, திறந்த கிணறு வெட்டுவது, போர் போடுவது, கூரை மழையைத் தொட்டியில் பிடிப்பது. டேங்கரை வழி என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் ஊரே அலையும்போது மண்பாதையில் ஒற்றை வீட்டுக்கு எவரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். கிணறு வெட்டச் செலவு அதிகம். அக்கம்பக்கத்தில் இருக்கிற பழைய கிணறுகளில் பாதி இப்போது குப்பைக் குழி. மிச்சம் போரும் தொட்டியும். நாங்கள் தொட்டி கட்டினோம், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

போரின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல ஊற்று கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. குடிக்கலாம், குளிக்கலாம், மாடு வைக்கலாம், கால் ஏக்கருக்குக் காய்கறி போடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. மேலே உளுத்துப்போன மண்பாறை, கீழே பாறையில் இருக்கும் வெடிப்பு, இந்த இரண்டிலும்தான் தண்ணீர். உங்கள் குழாய் அந்த வெடிப்பைத் தொட்டால் உண்டு, இரண்டடி தள்ளிப் போனால் வெறும் புகைதான். எங்கள் கொல்லையில் நீரோட்டம் பார்க்கத் தேங்காய் வைத்து நடந்தவர் காட்டிய இடம் ஒன்று, வேப்பங்குச்சி பிடித்தவர் காட்டியது இன்னொன்று, கருவி வைத்து அளந்தவர் காட்டியது மூன்றாவது. மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டியிருந்தால் ஒருவேளை நானும் ரிக் வண்டியைக் கூப்பிட்டிருப்பேன்! எங்களைச் சுற்றி இருப்பவர்கள் எழுநூறு, எண்ணூறு அடி போயிருக்கிறார்கள். அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி, ஆழம் போகப் போக அடி விலையும் ஏறும், தண்ணீர் வராவிட்டாலும் முழுக்காசு.

அதோடு, எங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை: ஃபுளோரைடு, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற உப்பு. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். காய்ச்சினால் இது போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அடர்த்திதான் கூடும். ஆர்ஓ வைத்தால் போகும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாக வெளியே போகும், அதுவும் நாம் சோலாரில் இறைத்த தண்ணீர். கூரையில் விழுகிற மழையில் இந்தப் பிரச்சினையே இல்லை.

இறைக்கிற கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். எழுநூறு அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் தூக்க, பம்பில் வீணாவதையும் சேர்த்தால், சுமார் ஒன்றரை யூனிட் ஆகும். பத்தடி உயரத்துக்குத் தொட்டித் தண்ணீரை ஏற்ற அதில் நூற்றில் இரண்டு பங்கு போதும். எங்களுக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பம்பு, அது கெட்டால் கைப்பம்பு. போருக்கு என்றே தனியாகப் பேனல் வரிசை, கன்ட்ரோலர், கேபிள் எல்லாம் வேண்டும். இலவச விவசாய மின்சாரம் வரும் என்று பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர், அதை நம்பிக் குடியேற முடியாது.

இவ்வளவையும் தாண்டி எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கெட்டுப்போனால் என்ன ஆகும், யார் வருவார்கள், அதுவரை என்ன குடிப்பது?

பக்கத்துக் கொல்லைக்காரர் போரில் மோட்டார் நின்றபோது கூட நின்று பார்த்தேன். மோட்டார் தூக்குகிற ஆட்கள் கிடைக்கவே நாளாகிவிட்டது, கோடையில் எல்லார் மோட்டாரும் ஒரே சமயத்தில்தான் படுக்கும். வந்தவர்கள் முக்காலி நட்டுச் செயின் கப்பி மாட்டினார்கள். இருபதடிக் குழாய் ஒன்று மேலே வரும், அதைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ஸ்பேனரால் கழற்றி ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்ததை இழுக்க வேண்டும். எழுநூறு அடிக்கு முப்பத்தைந்து குழாய். நடுவில் கை நழுவினால் மோட்டாரும் குழாயும் உள்ளேயே போய்விடும், அப்புறம் அந்தப் போரே அவ்வளவுதான். கடைசியில் மோட்டார் மேலே வந்தது, காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, எரிந்திருந்தது. காயில் கட்ட டவுனுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மறுபடி முப்பத்தைந்து குழாயையும் இறக்கினார்கள். இதில் எதையுமே அவர் தன் கையால் செய்ய முடியாது. கேமரா இறக்கினால் ஒழிய, போருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. தண்ணீர் மட்டம் கீழே போனதா, ஊற்று அடைத்ததா, மோட்டாரா, கேபிளா, எல்லாம் ஊகம்தான்.

தொட்டியும் கெடும், கெடாது என்று நான் சொல்லவே மாட்டேன். எங்களுடையது ஃபெரோசிமெண்ட்: வெல்டு மெஷ் கூடு, அதன் மேல் கோழிவலை, இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவை, சுவர்க் கனம் இரண்டு அங்குலத்துக்குள். இப்படி இருபதாயிரம் லிட்டரில் இரண்டு. முதல் கோடையிலேயே ஒன்றில் மயிரிழை விரிசல் வந்தது. வெளிச்சுவரில் ஈரக்கோடு ஒன்று, அதன் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தது, அவ்வளவுதான் அடையாளம். அந்தத் தொட்டித் தண்ணீரை விரிசலுக்குக் கீழே வரும்வரை பயன்படுத்திவிட்டு, உளியால் லேசாகக் கொத்தி, சிமெண்ட் பால் தடவி, கலவை வைத்துப் பூசி, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். கைமுதல் அரை மூட்டை சிமெண்ட்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க இன்னொரு தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாமல் இரண்டாகக் கட்டியது இதற்குத்தான். கட்டுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மற்ற வேலைகள் வீட்டு வேலை மாதிரிதான். சித்திரையில் முதல் இடிமழைக்கு முன்னால் கூரையைப் பெருக்க வேண்டும், தகரத் தாழ்வாரக் குழாயில் இலை எடுக்க வேண்டும். கூரைக்கு மேலே நீண்ட புளியங்கிளையை வெட்டிவிட்டோம், அதன் இலைதான் சல்லடையை அடைத்துக்கொண்டே இருந்தது. முதல் மழையில் வருகிற தூசியும் காக்கை எச்சமும் நூறு லிட்டர் டிரம் ஒன்றில் போய் நிரம்பும், அது நிரம்பிய பிறகு வருவதுதான் ஜல்லி, மணல், கரி வழியாகத் தொட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் ஒரு குழாய் லேசாகத் திறந்தே இருக்கும், மழை விட்டதும் தானாக வடிந்துவிடும். தொட்டி மூடியில் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி. நிரம்பி வழிகிற குழாய் வாயில் கொசுவலை கட்டாவிட்டால் டெங்குக் கொசுவை நாமே வளர்க்க வேண்டியதுதான். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

சரி, மழை போதுமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை எழுபது சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்து, சிதறல் போக எண்பது சதவீதம் பிடித்தால் சுமார் 44,800 லிட்டர். ஆளுக்கு ஐம்பது லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு ஆண்டுக்கு 36,500. ஐம்பது லிட்டரா என்று முகம் சுளிக்காதீர்கள், எங்களுடையது தண்ணீர் ஊற்றாத மட்கும் கழிப்பறை, அங்கேதான் பெரிய மிச்சம். தருமபுரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு, சித்திரை வைகாசியில் கோடை மழையும் வரும். அதனால் ஒன்றுமே வராத இடைவெளி மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரைதான். அந்த நான்கு மாதத்துக்கு 12,000 லிட்டர் போதும், இரண்டு தொட்டியும் சேர்ந்து 40,000 வரை பிடிக்கும். வடகிழக்கு மழையை மட்டுமே நம்புகிற மாவட்டங்களில் இந்த இடைவெளி நீளும், அங்கே தொட்டி இன்னும் பெரிதாக வேண்டும்.

ஆனால் 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்போது நாங்கள் இங்கே இல்லை. அந்த மாதிரி ஒரு வருஷத்தை இந்தத் தொட்டிகள் இன்னும் பார்க்கவில்லை, அடுத்தடுத்து இரண்டு வருஷம் பொய்த்தால் எங்கள் கதி என்ன என்று என்னால் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அதே மாதிரி ஃபெரோசிமெண்ட் சுவர் இருபது வருஷம் தாங்கும் என்று மேஸ்திரி சொல்கிறார், நான் பார்த்தது சில வருஷங்கள்தான்.

மாடு வைக்கப் போகிறவர்களுக்கு என் கணக்கு செல்லாது. ஒரு கறவை மாடு குடிக்கிற தண்ணீர் எங்கள் இரண்டு பேருக்கான மொத்தக் கணக்கில் பாதியை விழுங்கிவிடும். பயிருக்கும் கூரைத் தண்ணீர் ஆகாது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கவே ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். நாங்கள் சாமையும் நிலக்கடலையும் மானாவாரியாகத்தான் போடுகிறோம், மரக்கன்றுகளுக்குச் சின்னப் பண்ணைக்குட்டை ஒன்று உண்டு. கோடையில் அது தினமும் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிறது, பங்குனியில் அடிமண் தெரிந்துவிடும். பால், காய்கறி என்று விற்று வாழ நினைத்தால் போர் இல்லாமல் முடியாது. பக்கத்துப் போர்களில் இருநூறு, முந்நூறு அடியிலேயே நல்ல தண்ணீர் வந்து, பரிசோதனையில் ஃபுளோரைடும் குறைவு என்றால் நானே போர் போடத்தான் சொல்வேன்.

விற்பனை விஷயத்திலும் போருக்குத்தான் வெற்றி. நிலம் பார்க்க வருகிற புரோக்கர் முதலில் கேட்பது “போர் இருக்குங்களா சார்?” என்றுதான். இரண்டு தொட்டியைக் காட்டினால் சிரிக்கிறார், “போர் இல்லாத கொல்லைய எவன் வாங்குவான்?” என்கிறார். நான் விற்க வாங்கவில்லை. ஐந்து வருஷத்தில் கைமாற்றுகிற எண்ணம் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தொட்டிதான் என்று முடிவு செய்தால் வேலையைத் தையில் ஆரம்பிப்பது நல்லது. அப்போது ஊர்க் கிணறுகளில் இன்னும் தண்ணீர் இருக்கும், கலவைக்கும் மூன்று வாரம் நனைப்பதற்கும் தண்ணீர் கேட்டால் தருவார்கள். பங்குனியில் போய்க் கேட்டால் தர மாட்டார்கள்.