சீனா போறதுக்கு வாங்குன விபிஎன்னும் ட்ராவல் இ-சிம்மும்

அக்டோபர்ல கான்டன் ஃபேருங்கிற பெரிய வியாபாரக் கண்காட்சிக்கு நானும் மச்சானும் குவாங்சோ போயிட்டு வந்தோம், விளக்குத்தூண் பக்கம் பேக் கடை எங்களுது. கெளம்புறதுக்கு முன்னாடி மச்சான் ஒரு விபிஎன் ஆப்புக்கு (நெட்டை வேற நாட்டு சர்வர் வழியா சுத்தி விட்டு, அடைச்ச ஆப்பைத் தொறக்குறது) ஒரு வருஷ காசு கட்டுனாரு, நான் டவுன்ஹால் ரோட்டுல ஒரு சின்ன மொபைல் கடையில பத்து நாளைக்கு இ-சிம் (கார்டு இல்லாம, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி போன்ல ஏத்துற சிம்) வாங்குனேன்.

விபிஎன் சுத்த வேஸ்ட். ஹோட்டல் வைஃபைல போட்டா அந்த வட்டம் விடிய விடிய சுத்துது, இங்க அக்காவுக்கு காய்ச்சல், மச்சான் அனுப்புன மெசேஜ் எல்லாம் கடிகாரக் குறியோட அப்படியே நிக்குது, ஒத்த டிக் கூட விழல, மனுசன் தூங்கவே இல்ல. வாட்ஸ்அப்பை அங்க 2017லயே அடைச்சுட்டாய்ங்க, சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப்பை 2021ல. விபிஎன் ட்ராஃபிக்கையும் கண்டுபிடிச்சு அறுத்து விட்டுர்றாய்ங்க.

இ-சிம் எறங்குன உடனே எடுத்துச்சு. ரோமிங் டேட்டா சீனாவுக்கு வெளிய இருக்க நெட்வொர்க் வழியா போறதால அந்த அடைப்பு இதுக்கு இல்ல. என் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்தேன், மச்சான் அக்கா குரலைக் கேட்டப்பதான் அவருக்கு உசுரே வந்துச்சு. ஒரு நாளைக்கு 1 ஜிபிதான், ரெண்டு பேருக்கு சாயங்காலமே தீந்துரும், அது ஒரு குறை. பேங்க் ஓடிபிக்கு நம்ம ஊர் சிம்மையும் போன்லயே வச்சுக்கங்க.

ஆனா கடைக்காரத் தம்பி "இது போட்டா நீங்க பேசுறத யாரும் பாக்க முடியாதுண்ணே"ன்னு சொல்லி வித்தாரு, அது தப்பு. பூட்டைத் திறக்கும், அம்புட்டுதான். சரக்கு குடுக்குறவங்க எல்லாரும் வீசாட்ங்கிற சீன மெசேஜ் ஆப்லதான் பேசுவாங்க, இந்தியாவுல 2020 ஜூன்லயே தடை பண்ண ஆப் அது, அதுல எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் (அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர கம்பெனிகூட படிக்க முடியாத பூட்டு) கெடையாது. வெளிநாட்டு அக்கவுண்ட்ல அனுப்புற போட்டோ, ஃபைலையும் சோதிச்சு, அதை வச்சு சீன அக்கவுண்ட்ல எதைத் தடுக்கணும்னு லிஸ்ட்டைப் பெருக்குறாங்கன்னு டொராண்டோ பல்கலைக்கழகத்து சிட்டிசன் லேப்ங்கிற ஆராய்ச்சிக் கூடம் 2020ல ஆராய்ஞ்சு சொல்லிருக்காங்க. தடுத்த மெசேஜ் போய்ச் சேராது, சேரலைன்னு உங்களுக்குத் தெரியவும் செய்யாது. சீன நம்பர்ல அக்கவுண்ட் தொறந்தா ஊர் திரும்புனாலும் அதுக்கு அந்த ஊர் சட்டம்தான்.

அதனால நாங்க வீசாட்ல பேக் சைஸ், ரேட், எத்தனை கார்ட்டன், இதைத் தவிர எதுவும் பேசல. ஏஜென்ட் கேட்ட ஜிஎஸ்டி பேப்பரைக் கூட பிரிண்ட் போட்டு கையிலதான் குடுத்தோம். அரசியல் ஃபார்வர்டு வர்ற குரூப்ல இருந்தா போறதுக்கு முன்னாடியே வெளிய வந்துருங்க, 2024 ஜூலை 1ல இருந்து சீன அரசோட தேசப் பாதுகாப்பு ஆளுங்க போனை வாங்கிப் பாக்க தனி விதியே இருக்கு.

இ-சிம்முக்கு 5க்கு 4, விபிஎன்னுக்கு ஒரு ஸ்டார் கூட குடுக்க மாட்டேன். க்யூஆர் கோடை மதுரையிலயே ஸ்கேன் பண்ணி போன்ல ஏத்திருங்க, அங்க போயி மெயில்ல எடுத்துக்கலாம்னு இருந்தா ஜிமெயிலே தொறக்காது.