வெயில் காலத்தில் வைட்டமின் டப்பா வாங்கும் பிராய்லர் பண்ணைக்காரர்கள் கவனத்துக்கு

பல்லடம் சுற்றுவட்டாரத்தில் சொந்தமாகக் குஞ்சு இறக்கி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி கொடுக்கும் குஞ்சைக் கூலிக்கு வளர்ப்பவர்களுக்கு மருந்து கம்பெனியிலிருந்தே வந்துவிடும். காலாவதியான வைட்டமினுக்கு வேறு தேதி ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ஆபத்து, வெளியே வாங்கிப் போடும் நமக்குத்தான்.

ஏப்ரலில் கோழிகள் இரைக்க ஆரம்பித்ததும், பண்ணைக்கு வழக்கமாக வரும் ஏஜென்ட்டிடம் வைட்டமின் சி பவுடரும் வைட்டமின் ஈ-யும் செலினியம் தாதுவும் கலந்த திரவமும் வாங்கினேன். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். அந்த நேரத்தில் உடம்புக்குள் ஆக்ஸிஜனேற்றச் சேதம் (ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் வேதிப்பொருள்கள் செல்களைக் கெடுப்பது) கூடும். அதைக் குறைக்கத்தான் இவை உதவும். தீவனம் எடுப்பதும் குறைந்துவிடுவதால், தீவனத்தில் கலந்த வைட்டமினும் சரியாகப் போய்ச் சேராது. வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும். ஆனால் கடும் வெயிலில் அது பற்றாது. அதனால்தான் தண்ணீரில் தனியாகக் கொடுக்கிறோம்.

கொடுத்தும் இறப்பு குறையவே இல்லை. ஏஜென்ட்டைக் கேட்டால், "அண்ணா, இந்த வெயிலுக்கு எல்லாப் பண்ணையிலயும்தானுங்க போவுது" என்றார். இந்தப் பேச்சுதான் இவர்களுக்குப் பாதுகாப்பு. கோழி செத்தால் பழி வெயில் மேல் போய்விடும், மருந்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்த சி டப்பாவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளையாக உதிர வேண்டிய பவுடர் பழுப்பேறிக் கட்டி தட்டிக் கிடந்தது. லேபிளில் தேதி இருந்த இடம் கொஞ்சம் தடிப்பாகத் தெரிய, நகத்தால் உரித்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் வேறு தேதி, காலாவதியானது! கால்நடை டாக்டரிடம் காட்டினேன். வைட்டமின் ஈ-யை அசிடேட் என்ற எளிதில் கெடாத வடிவில் சேர்ப்பதால் அது ஓரளவு தாங்கும், சி-தான் சூடும் ஈரமும் காற்றும் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், நிறம் மாறுவதே அதற்கு அடையாளம் என்றார்.

நல்ல வைட்டமினாக இருந்தால் ஒரு கோழிகூடச் செத்திருக்காது என்று நான் சொல்லவில்லை. காற்றோட்டமும், தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகரும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாமல் எந்த டப்பாவும் காப்பாற்றாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கெட்டுப்போன பவுடரைக் கொடுத்தது பச்சைத் துரோகம்.

வாங்கும்போதே ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்கள். பேட்ச் நம்பர் எழுதிய பில் தர மறுத்தால் வாங்கவே வேண்டாம். தகரக் கொட்டகையில் அடுக்கிய சரக்கும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். டப்பாவும் பில்லும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். உங்களிடமும் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டு தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.