முச்சந்தியில் மாட்டும் கணக்கு: குப்பை வண்டிக்கு எந்த மென்பொருள்?

குப்பை வண்டிக்கு வழி போட்டுத் தர எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: உங்கள் வண்டி தொட்டி தொட்டியாகப் போகிறதா, வீடு வீடாகப் போகிறதா? ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

தொட்டிக் கணக்கு 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் தொடங்குகிறது. பெட்ரோல் லாரிகளை எந்தெந்த பங்க்குக்கு எந்த வரிசையில் அனுப்புவது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்றைய டெலிவரி மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். வீட்டுக் கணக்கு தபால்காரர் வழியாக வந்தது. எல்லாத் தெருவிலும் ஒருமுறையாவது நடந்து, குறைந்த தூரத்தில் கிளம்பிய இடத்துக்கே திரும்புவது எப்படி என்று 1960-இல் கேட்டவர் சீனக் கணித அறிஞர் குவான் மெய்-கோ. நாற்சந்தியில் தொல்லை இல்லை. ஒரு தெருவில் வந்து இன்னொன்றில் வெளியேறினால் நான்கும் ஜோடி ஜோடியாகத் தீர்ந்துவிடும். முச்சந்தியில் ஒன்று மிஞ்சும். போன தெருவிலேயே ஏதோ ஒன்றில் மறுபடி போக வேண்டியிருக்கும். முட்டுச் சந்தும் அப்படித்தான். எங்கே மறுபடி போனால் நஷ்டம் குறைவு என்பதில்தான் சூட்சுமம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம். போனில் இருக்கும் கூகுள் மேப்ஸ் நாம் கொடுத்த வரிசையில்தான் வழி காட்டும். வரிசையை அதுவாக மாற்றித் தராது. எனவே அதை விட்டுவிடலாம்.

குப்பையை நசுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரி தெருமுனைத் தொட்டிகளைக் காலி செய்யும் வேலைக்கு, இலவச மென்பொருள்களே போதும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் மேல் ஓடும் வ்ரூம் என்ற மென்பொருள் நல்ல வேகம். ஆனால் லாரி நிரம்பினால் குப்பைக் கிடங்குக்குப் போய்க் கொட்டிவிட்டு அடுத்த நடைக்கு வர வேண்டுமே, அது வ்ரூமுக்கு நேரடியாகத் தெரியாது. ஒரே லாரியை இரண்டு வண்டியாகக் காட்டி ஏமாற்ற வேண்டும். கூகுளின் ஓஆர்-டூல்ஸில் நடுவழியில் கொட்டிவிட்டு வருவதையும் கணக்கில் சேர்க்கலாம், அதுவும் இலவசம். ஆனால் புரோகிராம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும். ஆள் இல்லாத நகராட்சி, காசு கொடுத்து ஆர்க்ஜிஐஎஸ் நெட்வொர்க் அனலிஸ்ட் என்ற வரைபட மென்பொருளை வாங்குவதில் தப்பில்லை. கிடங்கு நடையை அது புரிந்துகொள்ளும். கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளுக்கு லாரி ஓட்டுகிற சென்னை மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

வீடு வீடாகப் போகும் பேட்டரி வண்டிக்கு மேலே சொன்ன எதையும் அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். ஆயிரம் வீட்டை ஆயிரம் புள்ளியாகப் போட்டால், தெருவின் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று குழப்பிவிடும். தெருக்கணக்குக்கென்றே செய்த ரூட்ஸ்மார்ட் போன்றவை உண்டு. பெரிய மாநகராட்சிக்கு அது சரி. சின்ன ஊரில் ஒரு வார்டுக்குத் தெருக்கள் கொஞ்சம்தான். காகித வரைபடத்தில் முச்சந்திகளை வட்டமிட்டு மேஸ்திரியோடு உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொட்டிக்குள் சென்சார் வைத்து, நிரம்பியதை மட்டும் எடுக்கும் திட்டம் கேட்க அழகாக இருக்கும். உணவுக் கழிவு கலந்த பாதித் தொட்டியை நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், தெரு கூடிவிடும். எப்படியும் தினமும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் சென்சார் எதற்கு? காகிதமும் பிளாஸ்டிக்கும் சேரும் உலர் கழிவுத் தொட்டிக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

விற்க வருபவர்கள் டீசல் மிச்சத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் அமெரிக்காவின் குப்பை அள்ளும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட் 2003-இல் வழி போடும் தன் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, அந்த ஆண்டு முடிவதற்குள் 984 ரூட்டுகளையே எடுத்துவிட்டது. ஒரு ரூட் போனால் ஒரு வண்டியும் அதன் ஆட்களும் மிச்சம். கிலோமீட்டர் குறைவதில் வருவது அதற்குப் பக்கத்தில் கொஞ்சம்தான். ஆகவே டெமோவில் கேட்க வேண்டியது, எத்தனை வண்டி குறையும், அந்த வண்டியின் தூய்மைப் பணியாளர்களை எங்கே போடுவீர்கள் என்று.

எதை வாங்கினாலும், முதல் மாதம் வரைபடத்தைத் திருத்தவே போய்விடும். எந்தச் சந்தில் காம்பாக்டர் நுழையாது, எந்த மார்க்கெட் தெருவில் காலை ஏழு மணிக்கு மேல் வழி கிடைக்காது என்பதெல்லாம் டிரைவர் சொன்னால்தான் அதில் ஏறும்.