கோல்ஃப் கிளாஷ் ரிவியூ: புதுசா ஆட வரவங்க முதல்ல காத்த பாருங்க

ரெண்டு வருஷமா தினமும் போன்ல ஆடுற கோல்ஃப் கேம் இது, ரிவியூ எழுதணும்னு எல்லாம் நினைச்சதில்ல. போன வாரம் ஆபீஸ்ல ஒரு தங்கச்சி இத இறக்கி ஆட ஆரம்பிச்சாங்க, மூணே நாள்ல காயின் மொத்தமும் காலி, "அக்கா, இது காசு போட்டு வாங்குறவங்களுக்கு மட்டும்தான் போல"னு சொல்லிட்டு டிலீட் பண்ணிட்டாங்க. எனக்கு மனசுக்கு கஷ்டமா போச்சு. அப்படி இல்லவே இல்ல லா. நான் இதுல ஒரு ரிங்கிட்கூட போட்டதில்ல, நல்லாவே ஆடிக்கிட்டு இருக்கேன். முதல் ஒரு மாசம் எப்படி ஆடுறோம்கிறதுதான் விஷயம், அத யாரும் சொல்லித்தர மாட்டேங்கிறாங்க.

கேம் பத்தி தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். இங்கிலாந்துல பிளேடெமிக்னு ஒரு கம்பெனி பண்ணது, 2017ல வந்துச்சு, 2018ல மொபைல் கேமுக்கான பாஃப்டா விருது வாங்குச்சு, 2021ல இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்)ங்கிற பெரிய கேம் கம்பெனி அந்த கம்பெனிய 140 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிட்டாங்க. நிஜ கோல்ஃப் மாதிரி 18 குழி நடக்க வேண்டியதில்ல. ஒரு மேட்சுக்கு ஒரே குழி, எதிர்ல இன்னொரு ஆள், ரெண்டு பேரும் காயின் கட்டணும், கம்மி அடியில போட்டவங்களுக்கு மொத்தமும். சமமா வந்தா ஷூட்அவுட், ஆளுக்கு ஒரே அடி, யார் பந்து குழிக்கு கிட்ட நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க. எல்லாம் மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும், கோலாலம்பூர் செந்தூல்ல எல்ஆர்டி ரயில் ஏறினா மஸ்ஜிட் ஜாமேக் போறதுக்குள்ள ரெண்டு மூணு மேட்ச் ஆடிடுவேன். அங்க மாறி கேஎல்சிசி பக்கம் போறது பாதாளம், அப்ப மட்டும் புது மேட்ச் ஆரம்பிக்காதீங்க, லைன் விட்டுச்சுன்னா உங்க முறை வர்றப்ப நேரம் ஓடிடும், கட்டின காயினும் போயிடும்.

எனக்கு இத சொல்லிக்கொடுத்தது யாருன்னு கேட்டா எங்க அப்பா. அவர் போன்ல கேம் ஆடுற ஆளே இல்ல. 80கள்ல கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஒரு கோல்ஃப் கிளப்ல கேடியா (caddie) இருந்தவர், அதாவது ஆடுறவங்க கோல்ஃப் பைய தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்தவர். எம். ராமையா, பி. குணசேகரன்னு நம்ம ஆளுங்க கோல்ஃப தொழிலா, புரோவா ஆடின நாடு நம்ம மலேசியா, அந்தப் பேரெல்லாம் சொல்றப்ப அப்பா முகமே மாறிடும். நான் சோபாவுல உக்காந்து வரிசையா தோத்துக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல வந்து பாத்தார், பாத்துட்டு ஒண்ணுதான் கேட்டார்: "ஏன்மா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காமலே அடிக்கிறியே?" பாத்தா திரையிலேயே அம்புக்குறி போட்டு நம்பரோட காட்டுறான், நான் அந்தப் பக்கம் கண்ணையே திருப்பல. புல்ல பிச்சு மேல வீசி காத்த பாத்தவர் அவர், எனக்கு நம்பராவே குடுத்தும் பாக்கல.

அதனால முதல்ல காத்து. நீங்க பந்து விழ வேண்டிய இடத்துல ஒரு குறி வைக்கிறீங்கல்ல, அத சுத்தி கலர் கலரா வளையம் இருக்கும். காத்து வலது பக்கம் தள்ளுதுன்னா குறிய இடது பக்கம் நகத்தணும், எவ்வளவு நகத்தணும்கிறதுக்கு அந்த வளையம்தான் அளவுகோல். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: அக்யுரசி (குறி தப்பாத திறன்) அதிகமான கிளப்புக்கு (கிளப்னா பந்த அடிக்கிற மட்டை) வளையம் சின்னதா இருக்கும், அதனால அதே காத்துக்கு அதிக வளையம் நகத்தணும், கிளப் மாத்தினா கணக்கும் மாறும். சார்ட் எல்லாம் போட்டு ஆடுறவங்க இருக்காங்க, ஆரம்பத்துல அது வேண்டாம், ஒரே கிளப்ப வச்சுக்கிட்டு "இந்த காத்துக்கு ரெண்டு வளையம் நகத்தினேன், இன்னும் கொஞ்சம் வலது பக்கம் போச்சு"னு மனசுல குறிச்சுக்கிட்டே வாங்க, ரெண்டு வாரத்துல கை தானா பழகிடும்.

அடுத்தது அடிக்கிறது. பந்த விரலால பின்னாடி இழுத்து வட்டத்துக்குள்ள நிறுத்தணும், ஒரு ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், அது நடுவுல வர்றப்ப விரல எடுக்கணும். புதுசா வரவங்க எல்லாரும் வட்டத்த தாண்டி முழுசா இழுப்பாங்க, தூரம் கூடுதேன்னு. தூரம் கூடும், ஊசியும் வேகமா ஓடும், பந்து காட்டுக்குள்ள போயிடும். பத்து அடி தூரம் கூடுதலா போறதவிட நேரா போறது முக்கியம்னு அப்பா இன்னிக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார். ஸ்பின்னும் அப்படித்தான், ஃபேர்வேல (புல்ல குட்டையா வெட்டின பாதையில) விழுந்தப்புறம் ஓடணும்னா டாப் ஸ்பின், கிரீன்ல (குழிய சுத்தி இருக்கிற புல்தரையில) விழுந்து நிக்கணும்னா பேக் ஸ்பின், இந்த ரெண்டும் கைவந்தாலே ஆரம்ப டூர்ல (டூர்னா கேம்ல வர்ற படி மாதிரி) பாதி பேர ஜெயிச்சிடலாம். வளைச்சு அடிக்கிற கர்ல் அப்புறமா பாத்துக்கலாம்.

இப்ப காயின் விஷயம், தங்கச்சி கோட்ட விட்ட இடம் இதுதான். அடுத்த டூர் திறந்தவுடனே ஓடிப்போய் ஆடணும்னு கை துறுதுறுன்னு வரும், அங்க நுழையுற காயின் அதிகம், காத்து பலமா இருக்கும், எதிர்ல நிக்கிறவங்க கிளப் எல்லாம் உங்களவிட மேல் லெவல்ல இருக்கும். ரெண்டு மேட்ச் தோத்தா ஒரு வாரம் சேத்தது போயிடும். நான் எனக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கேன், அந்த டூர்ல பத்து தடவ வரிசையா தோத்தாலும் தாங்குற அளவுக்கு காயின் இருந்தாதான் காலடி எடுத்து வைப்பேன். ரெண்டு தோத்தா போன வச்சிட்டு தண்ணி குடிக்கப் போயிடுவேன், கோவத்துல ஆடுற மூணாவது மேட்சும் தோக்குதுன்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டேன்.

கிளப் எல்லாம் கார்டா பெட்டியில வரும், எது வரும்னு நம்ம கையில இல்ல. மேட்ச் ஜெயிச்சா பெட்டி கிடைக்கும், திறக்க மணிக்கணக்குல ஆகும், அதனால நேரம் அதிகமான பெட்டிய தூங்கப் போறப்ப ஓட விடுங்க, சின்னத பகல்ல. கார்டு வந்துச்சேன்னு எல்லா கிளப்பையும் அப்கிரேட் பண்ணாதீங்க, காயின் அதுலதான் கரையும். பைக்குள்ள நீங்க நிஜமா எடுக்குற கிளப்புக்கு மட்டும் செலவு பண்ணுங்க. எனக்கு முதல் அடிக்கு எடுக்குற டிரைவர்ல எக்ஸ்ட்ரா மைல், தூரத்து அடிக்கான லாங் அயன்ல கோலியாத் ரெண்டும் ரொம்ப நாள் கைகொடுத்துச்சு. மணல், புதர் கிளப்ப நிறைய பேர் மறந்துடுறாங்க, பந்து ஒரு தடவ மணல்ல விழுந்தப்புறம்தான் அதோட அருமை தெரியும். சும்மா தூங்காத கிளான் (ஆடுறவங்க சேந்து இருக்கிற குழு) ஒண்ணுல சேந்துக்கோங்க, வேணும்கிற கார்ட அங்க கேக்கலாம். ஸ்பெஷல் பந்து கிடைச்சா சேத்து வைங்க, சாதா பந்துல கத்துக்கிட்டாதான் காத்து புரியும். வாராவாரம் டோர்னமென்ட் வரும், புதுசா வரவங்களுக்கான ரூக்கி பிரிவுல தைரியமா சேருங்க, நிறைய குழி ஆடக் கிடைக்கும்.

காசு போடணுமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். ஆஃபர் அடிக்கடி கண்ணு முன்னாடி வரும், மூடிட்டு போங்க. இதுக்கு முன்னாடி வேற ஒரு கோல்ஃப் கேம்ல, பேர் வேண்டாம், 60 ரிங்கிட் போட்டேன், வந்த கார்டுல பாதி நான் எடுக்கவே எடுக்காத கிளப்புக்கு, அதுக்கப்புறமும் காத்து தெரியாம தோத்துக்கிட்டுதான் இருந்தேன்.

என் மார்க் அஞ்சுக்கு நாலு. ஒண்ண குறைச்சது பெட்டிக்கு காத்திருக்கிறது ரொம்ப நீளமா இருக்கிறதுக்கு, பொறுமை இல்லாதவங்கள அது தான் காசு பக்கம் தள்ளும். மத்தபடி கிராஃபிக்ஸ், பந்து உருளுற விதம், குழி கிட்ட போய் நிக்குறப்ப நெஞ்சு படபடக்கிறது எல்லாம் அருமை. முடிஞ்சா டேப்லட்ல ஆடுங்க, சின்ன போன்ல வளையம் எண்ணுறது கண்ணுக்கு கஷ்டம். அப்பாவுக்கு போன மாசம் ஒரு பழைய டேப்லட் வாங்கிக் குடுத்தேன். காலையில பசியாறிட்டு தே தாரேக் டீயோட திண்ணையில உக்காந்துடுறார், ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கண்ணாடிய மேல ஏத்திக்கிட்டு அந்த அம்புக்குறியத்தான் பாக்குறார். இப்ப என்னைவிட ஒரு டூர் மேல இருக்கார்.