பட்டன் ரோஜாவில் புது ரகம்: எது தாய், எது தந்தை?

பட்டன் ரோஜாவில் சொந்தமாக ஒரு ரகம் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்ப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது அப்புறம். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மினியேச்சர், அதாவது பட்டன் ரோஜாச் செடியிலேயே காய் பிடிக்க வைப்பதா, இல்லை கொத்துக் கொத்தாகப் பூக்கும் பெரிய ரோஜாவான ஃப்ளோரிபண்டாவைத் தாயாக வைத்து மினியேச்சரிலிருந்து மகரந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வதா? பெங்களூரில், அல்சூர் பக்கம் ஒரு மொட்டை மாடியில் இரண்டையும் செய்து பார்த்தவன் நான். இப்போது முழுக்க ஃப்ளோரிபண்டா கட்சி.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஏதாவது ஒரு கிளை திடீரென்று வேறு நிறத்தில் பூக்கும் என்று காத்திருக்கலாம், அது லாட்டரி. தானாகப் பிடித்த காயிலிருந்து விதை எடுக்கலாம். தந்தை யார் என்று கடைசிவரை தெரியாது. இரண்டையும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

தாயின் குணம்தான் பிள்ளைக்கு அதிகம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். காட்டு ரோஜாக்களில் கனைனா வகையில் அது உண்மை: மொத்தம் 35 குரோமோசோமில் 28 தாயிடமிருந்தே வரும். நாம் தொட்டியில் வளர்க்கும் ரோஜாக்களில் அப்படி இல்லை, தாயும் தந்தையும் ஏறக்குறையச் சமம். குட்டையாக இருப்பது ஓங்கு பண்பு என்பதால், மினி தந்தையாக மட்டும் இருந்தாலே பிள்ளைகளில் கணிசமான பங்கு மினியாக வந்துவிடும். திரும்பத் திரும்பப் பூப்பது ஒடுங்கு பண்பு. ஆனால் இரு பக்கமும் அந்தக் குணம் இருப்பதால் அதிலும் நஷ்டமில்லை. ஆக, தாயைத் தேர்ந்தெடுக்க அழகோ நிறமோ காரணமாக வேண்டியதில்லை. காயை யார் கடைசிவரை சுமப்பார் என்பது ஒன்றுதான் கேள்வி.

இரண்டு கட்சிக்கும் முன்னோடிகள் உண்டு. ஹாலந்தின் யான் டி விங்க், ரூலெட்டி என்ற குட்டி ரோஜாவைத் தாயாகவும் குளோரியா முண்டியைத் தந்தையாகவும் வைத்து எடுத்ததுதான் 1936-இல் வந்த டாம் தம்ப். எதிர்க் கட்சியில் ஸ்பெயினின் பெட்ரோ டாட்: மினி அல்லாத செசில் புரூன்னரைத் தாயாக்கி, ரூலெட்டியின் மகரந்தத்தை வைத்து பெர்லா டி மான்ட்செராட்டை எடுத்தார். கலிஃபோர்னியாவின் ரால்ஃப் மூர் இந்த வழியில்தான் அதிகம் போனார். பியூட்டி சீக்ரெட், மேஜிக் கரோசல், ரைஸ் அண்ட் ஷைன் மூன்றுக்கும் தாய் லிட்டில் டார்லிங் என்ற ஒரே ஃப்ளோரிபண்டா. மினியேச்சருக்கே தந்தை என்று பெயரெடுத்தவர் மினியேச்சரைத் தாயாக வைக்க அவ்வளவு யோசித்திருக்கிறார் என்றால் காரணம் இருக்கும்.

அந்தக் காரணத்தின் முதல் பாதி கையில் ட்வீசர் எடுத்ததும் தெரிந்துவிடும். மொட்டில் நிறம் தெரிய ஆரம்பித்து, இதழ் இன்னும் விரியாத நேரம் பார்த்து இதழ்களை எல்லாம் பிய்த்துவிட வேண்டும். உள்ளே மஞ்சள் வளையமாக மகரந்தப் பைகள், நடுவில் சூல்முடிக் கொத்து. பைகள் வெடிப்பதற்குள் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும்; ஒன்று தங்கினாலும் செடி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஃப்ளோரிபண்டாவில் இது சாவகாசமான வேலை. மினியில் அந்த வளையத்துக்கும் நடுக்கொத்துக்கும் இடையே ட்வீசர் முனை நுழையக்கூட இடமிருக்காது. கொஞ்சம் அழுத்தினால் சூல்முடியே உடைந்து வந்துவிடும். போதாததற்குச் சில மினிகளில் மொட்டு விரியும் முன்பே பைகள் வெடித்திருக்கும்.

மினி தந்தையாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பைகளைக் கொத்தாக வழித்து ஒரு எவர்சில்வர் மூடியில் போட்டு இரவு வைத்தால் காலையில் மஞ்சள் பொடி. பழைய பிரஷ்ஷாலோ விரல் நுனியாலோ தொட்டு, பிசுபிசுப்பான சூல்முடியில் தடவி, பெயர்ச் சீட்டு கட்டிவிட்டால் முடிந்தது.

இரண்டாவது பாதிதான் தீர்மானிக்கிறது. ரோஜாக் காய் பழுக்க மூன்றரை, நான்கு மாதம் செடியிலேயே இருந்தாக வேண்டும். இங்கே மழை ஓய்ந்து நவம்பர், டிசம்பரில் சேர்க்கை செய்தால் மார்ச், ஏப்ரலில்தான் காய் ஆரஞ்சாகும். பெங்களூரு வெயில் கடுமையாக இருக்கும் அதே மாதங்கள். ஆறு அங்குலத் தொட்டியில் நிற்கும் மினி ஏப்ரல் மாடியில் காலையில் விட்ட தண்ணீரை மதியத்துக்குள் குடித்து முடித்துவிடும். ஒரு நாள் வாடினால் இலை மறுநாள் நிமிர்ந்துகொள்ளும், காய் நிமிராது. காம்பு மஞ்சளாகி, தொட்டாலே கழன்று விழும். அதே சமயம் இலைச் சாற்றை உறிஞ்சி உதிர வைக்கும் சிவப்புச் சிலந்தியும் வரும். இலையுதிர்த்த செடி காயை எதைக் கொண்டு வளர்க்கும்? பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வேர் விட்ட ஃப்ளோரிபண்டா ஒரு வேளைத் தண்ணீர் தவறினாலும் தாங்கும். ஊருக்குப் போகாமல் மாடியைக் காவல் காக்க முடியாதவர்களுக்கு இந்த ஒரு விஷயமே போதும்.

தாங்கி நின்றாலும் மினியின் காயில் ஒன்றிரண்டு, அதிகம் போனால் ஐந்தாறு விதை. ஃப்ளோரிபண்டாவில் பத்துக்கு மேல் கிடைப்பதும் உண்டு. முளைக்காமல் போகும் விதை எப்படியும் நிறைய என்பதால் இந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை.

மினி தாய்க்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். இரு பக்கமும் மினி என்றால் நாற்றுகளில் பெரும்பாலானவை மினியாகவே இருக்கும். ஃப்ளோரிபண்டா வழியில் உயரமாகப் போகும் நாற்றுகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இடம் இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் முளைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில், விரல் நீள நாற்றிலேயே முதல் பூ வந்துவிடும் என்பதால் கழிக்க ரொம்ப நாள் காக்க வேண்டியதில்லை.

விதைக்கு அப்புறம் இரண்டு வழிக்கும் ஒரே பாடு. கழுவி, ஈர டிஷ்யூவில் மடித்து, ஃப்ரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மாதம். கோகோபீட்டில் விதைத்தால் மழைக்கால ஈரத்தில் நாற்றழுகல் வரும், மேலே கூரை வேண்டும். தேறிய மினியைக் குச்சி வெட்டி நட்டே பெருக்கிவிடலாம், ஒட்டுக் கட்ட வேண்டாம்.

நான் பார்த்தது மாடித் தொட்டியில் மட்டும். தரையில் நட்ட மினி ஏப்ரலை இன்னும் நன்றாகத் தாங்கலாம். ஃப்ளோரிபண்டா எல்லாமே நல்ல தாய் என்றும் சொல்ல மாட்டேன். சில ரகங்கள் எவ்வளவு மகரந்தம் தடவினாலும் காய்க்காது. நர்சரியில் வாங்கும்போது பழைய பூக்களை வெட்டாமல் விட்ட செடியாகப் பாருங்கள். காய் தொங்கினால் அதுவே சான்றிதழ்.

மினியையே தாயாக்குவேன் என்றால், நவம்பருக்கு முன்பே பத்து அங்குலத் தொட்டிக்கு மாற்றி, வேர் பிடிக்க அவகாசம் கொடுங்கள். ஒரு செடியில் நாலைந்து காய்க்கு மேல் விடாதீர்கள். பிப்ரவரி கடைசியில் மேற்கு வெயில் படாத சுவர் ஓரமாக நகர்த்தி, மண்ணுக்கு மேல் தேங்காய் நாரைப் பரப்பிவிடுங்கள்.