சென்னை–பாரிஸ் பயண நேரம்: கணிப்பான் சொன்னதும் என் குறிப்பேடு சொன்னதும்

அக்கா பாரிஸில் குடியேறிய நாளிலிருந்து, அம்மாவைப் புதுச்சேரியிலிருந்து அங்கே அழைத்துச் செல்வதும் திரும்ப அழைத்து வருவதும் என் பொறுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையும் சாப்பாடும் பயண நேரக் கணக்கைப் பொறுத்தே அமையும். அதனால், இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் காட்டும் இணையக் கணிப்பான்களை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு பயணத்தின் உண்மையான நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிட்டு வருகிறேன்.

தொலைவைப் பொறுத்தவரை அவற்றை நம்பலாம். சென்னையிலிருந்து பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 8,020 கிலோமீட்டர். உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழியின் அளவு இது. நேரக் கணக்கில்தான் சிக்கல். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துப் பல கணிப்பான்கள் ஒன்பது மணி நேரம் என்கின்றன. என் குறிப்பேட்டிலோ போகும்போது பத்தரை மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை, வரும்போது ஒன்பதரை. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. குளிர்காலத்தில் அதன் வலு இன்னும் கூடும். போக வர ஒரே நேரத்தைக் காட்டும் கணிப்பானை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

துபாய் வழியாகச் சென்றால் தொலைவு ஏறத்தாழ 8,170 கிலோமீட்டர், அதாவது 150 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் அங்கே நான்கு மணி நேரம் காத்திருந்ததில் அம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. அந்த வழியை அன்றோடு விட்டுவிட்டோம்.

முதல் பயணத்தில் நான் செய்த தவறு வேறு. இரவு 1 மணிக்குப் புறப்பாடு, காலை 8.10க்கு வருகை என்று பயணச்சீட்டில் பார்த்து, ஏழு மணி நேரம்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் உண்மையான பயணம் 10 மணி 40 நிமிடம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அந்த வேறுபாடு நான்கரை மணி நேரமாகிவிடும். பாதி வழியில் அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

எந்தக் கணிப்பானிலும் வராத பகுதி ஈ.சி.ஆர். சாலை. வீட்டிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். ஆகவே மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, 9 மணியளவில் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே அம்மாவுக்கு இட்லியும் மாத்திரையும் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என் கைக்கடிகாரத்தைப் பாரிஸில் இறங்கும்வரை இந்திய நேரத்திலேயே விட்டுவிடுகிறேன்.